ஜாவா கிராமங்களும் வெளிநாட்டுப் பணமும்

வெளிநாட்டு நிதியால் மக்களாட்சி வேர்விடுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு இந்தோனேசியாதான் நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்ட சுகார்த்தோ 1998 மே 21 அன்று பதவி விலகியபோது, அங்கே கிராமத் தலைவர் என்பவர் ஊராருக்கல்லாமல் மேலதிகாரிக்குப் பதில் சொல்பவராகவே இருந்தார். 1979ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டின் எல்லா ஊர்களையும் ஒரே வார்ப்பில் வார்த்திருந்தது.

அதே 1998இல், உலக வங்கியின் நிதியோடு கெச்சமாத்தான் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கெச்சமாத்தான் என்பது நம் ஊராட்சி ஒன்றியத்தைப் போன்றது. அமைச்சகங்களின் படிகளில் இறங்கிக் கரைந்து போகாமல் பணம் நேரே ஒன்றியக் கணக்குக்கு வந்தது. பாலமா, குடிநீரா, சாலையா என்பதை ஊர்க்கூட்டங்கள் முன்மொழிய, பல ஊர்ப் பிரதிநிதிகள் கூடித் தேர்ந்தெடுத்தனர். பெண்கள் தனியே கூடி முன்மொழியவும் இடம் இருந்தது. வரவுசெலவு ஊர்ப் பலகையில் எழுதப்பட்டது. உதவி என்று சொன்னாலும் இதில் பெரும்பகுதி இந்தோனேசிய அரசு திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதை மறந்துவிடக் கூடாது. சுகார்த்தோ காலத்திலும் கடன் கொடுத்துவந்தது இதே வங்கிதான். அரசின் வளர்ச்சி நிதியில் குறைந்தது 20 முதல் 30 விழுக்காடு திசைமாறுகிறது என்று அதன் ஜகார்த்தா அலுவலகக் குறிப்பே 1997இல் கணித்திருந்தது.

கூட்டம் கூடினாலே திருட்டு குறையும் என்று நானும் நம்பியிருந்தேன். பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஜாவா கிராமங்களில், இத்திட்டத்தில் போட்ட சாலைகளைத் தோண்டி, உள்ளே கிடந்த கல்லையும் மணலையும் அளந்து கணக்கோடு ஒப்பிட்டார். அரசுத் தணிக்கை நிச்சயம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஊர்களில் காணாமற்போன செலவு சுமார் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது; கூட்டத்துக்குக் கூடுதல் ஆட்களை அழைத்ததால் சராசரியில் பெரிய பலன் இல்லை. 2007இல் வெளியான இம்முடிவு எனக்குச் சற்றுக் கசந்தது.

ஆயினும் கூட்டங்கள் வீண்போகவில்லை. 2014ஆம் ஆண்டு கிராமச் சட்டம் ஊர்க்கூட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. மறு ஆண்டிலிருந்து அரசின் சொந்த நிதியே கிராமங்களுக்குப் பாய்கிறது. கிராமத் தலைவர்களோ 2023இல் ஜகார்த்தாவில் திரண்டு, தங்கள் ஆறாண்டுப் பதவிக்காலத்தை ஒன்பதாக்கக் கேட்டார்கள். 2024இல் எட்டு கிடைத்தது.