மூன்று அம்மன், நாலு எலுமிச்சை, ஒரு ஸ்டெப்னி

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தால் கார் எனக்குச் சொந்தமில்லை, அம்மாவுக்குச் சொந்தம். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் பல பெண்கள் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவுமாக மாறி மாறி ஏறியே இதை முடித்துவிடுவார்கள். "நமக்குத்தான் கார் இருக்கே" என்பது அம்மாவின் வாதம்.

இத்தனைக்கும் நான் வண்டியைக் கவனிக்காத ஆள் இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றுவேன். புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் இரண்டின் கடைசித் தேதியும் தூக்கத்தில் கேட்டாலும் வரும். மாதம் இரண்டு முறை காற்று பிடிப்பேன். காற்றுக்கடைப் பையன் எல்லா வண்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு 35 வைப்பான். நான் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைக் காட்டி, "32தான்பா" என்பேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான். அந்தப் பார்வையைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

மேலூர் தரிசனம் சுபமாக முடிந்தது. திரும்பும்போது பொன்னேரி நெடுஞ்சாலை. அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், நாம் காரில் போகவில்லை, கன்டெய்னர்களுக்கு நடுவே ஒரு டிபன் பாக்ஸில் போகிறோம். மணலி புதுநகர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பின்பக்கம் பொத் பொத்தென்று ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் ஆடியது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், இடது பின் டயர் தோசை மாதிரி தரையோடு ஒட்டியிருந்தது.

"என்னங்க, பஞ்சரா?" என்றார் மனைவி.

"ஒண்ணும் இல்ல, பத்து நிமிஷம். ஸ்டெப்னி இருக்கு" என்றேன். இந்த வாக்கியத்தை அன்று முழுக்க யாராவது ஒருவர் எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைக் காலி செய்ய வேண்டும். எங்கள் டிக்கி ஒரு குடும்ப வரலாறு. கோரைப்பாய், நாலு குடை, மகளின் ஷட்டில் பேட், பழைய பிளாஸ்க், முந்தின வாரக் கல்யாணத்தில் வாங்கிய தாம்பூலப் பைகள் (தேங்காயோடு), யாருக்கும் பொருந்தாத ஒரு ஜோடி ஷூ. பாயை ஓரத்தில் விரித்து எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கினோம். சித்தி, புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, கறுப்புக் குடையைக் காட்டி, "எவ்ளோ?" என்று கேட்டார். சித்தி தயங்கவே இல்லை. "பெரிசா சின்னதா?" என்றார். நல்லவேளை, மனைவி குறுக்கிட்டார்.

எச்சரிக்கை முக்கோணம் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. ரோட்டில் நின்ற வண்டிக்குப் பின்னால் அதை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிரித்து, நிமிர்த்தி, காருக்கு ஐந்தடி பின்னால் வைத்துவிட்டு, சட்டத்தை மதிக்கும் குடிமகனாக இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. அப்புறம் ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். டயர் தரையை விட்டு எழும்பியது. மகள் கைதட்டினாள். வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டித் திருப்பினேன். நட்டு திரும்பவில்லை. நட்டோடு சேர்ந்து சக்கரமே சுற்றியது. மறுபடி திருப்பினேன், மறுபடி சுற்றியது. தீவுத்திடல் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி.

எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு டிரெய்லரிலிருந்து லுங்கி கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கி வந்தார். பல் குத்திக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, மொதல்ல எறக்கு."

"எதை அண்ணே?"

"வண்டிய. சக்கரம் தரையில இருக்கறப்பவே நட்ட லூஸ் பண்ணிடணும். அப்புறம்தான் ஜாக்கி. அந்தரத்துல நின்னா அது சுத்தத்தானே செய்யும்?"

இறக்கினேன். ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார், நான் போடவே இல்லை. போட வைத்தார். முன் டயருக்கு ஒரு கல் வைக்கச் சொன்னார். பிறகு பின்னால் திரும்பி என் முக்கோணத்தைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"பின்னால வர்றவங்களுக்கு."

"இவ்ளோ கிட்ட வச்சா, முக்கோணத்தைப் பாக்கறதுக்குள்ள உன்னையே பாத்துடுவான். லோடு வண்டி நெனச்ச எடத்துல நிக்காது தம்பி. அறுபது எட்டு நடந்து போய் வை."

வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள், அவர் ஒரு சீமைக்கருவேலங்கிளையை ஒடித்து, காருக்கும் முக்கோணத்துக்கும் நடுவே போட்டிருந்தார். "முக்கோணம் எல்லாருக்கும் புரியாது. மரக்கிளை கெடந்தா எவனுக்கும் புரியும்." பாயில் கடை விரித்தது போல் உட்கார்ந்திருந்த பெண்களையும் ரோட்டிலிருந்து இன்னும் நன்றாக உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார். நான் சொன்னபோது அசையாத சித்தி, அவர் சொன்னதும் பாயோடு நகர்ந்தார்.

நட்டு மட்டும் நகரவில்லை. டயர் கடையில் மிஷின் வைத்து முறுக்கியது. காருடன் கொடுக்கும் ஸ்பேனரோ பொம்மைக் கல்யாணத்துக்குக் கொடுத்த சீர் போல் இருந்தது. பெரியவர் தன் வண்டியிலிருந்து மூன்றடி இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனர் கைப்பிடியில் செருகினார். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் தத்துவத்துக்கு ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். ஒரே அழுத்து. கிரீச். நாலு நட்டும் வழிக்கு வந்தன.

சரி, இப்போது கதாநாயகன் வர வேண்டும். மூடியைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். பளபளவென்று கறுப்பு. பட்டன் பட்டனாகக் கோடு அழியாமல், கம்பெனியிலிருந்து இறங்கிய அன்றிருந்த மாதிரியே. "பாத்தீங்களா, தரையையே தொடாத டயர்" என்றேன். பெரியவர் கட்டை விரலால் பக்கவாட்டை அழுத்தினார். விரல் உள்ளே போனது. காற்று சுத்தமாக இல்லை.

பன்னிரண்டு வருஷமாக மாதம் இரண்டு முறை காற்று பிடித்தவன், ஒரு முறை கூட டிக்கியைத் திறந்து இதற்குப் பிடித்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் குனிந்து டயரின் பக்கத்தில் இருந்த நாலு எண்ணைத் தடவினார். 3512. "2012ல முப்பத்தஞ்சாவது வாரம்" என்றார். கடைசி இரண்டு எண் வருஷம், முதல் இரண்டு எண் வாரமாம். நான் இத்தனை நாள் அதை ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். மற்ற நாலு டயரும் இதற்குள் இரண்டு முறை மாறிவிட்டன. "ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும் தம்பி. வெடிப்பு பாரு." பார்த்தேன். ஓரத்தில் தலைமுடி மாதிரி மெல்லிசாக வெடிப்புகள்.

அம்மா பாயிலிருந்தே தீர்ப்புச் சொன்னார். "ஆயுத பூஜைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, இது ஒண்ணை யாராவது நெனச்சோமா? அதான் கோவிச்சுக்கிச்சு."

பெரியவர் இதை மறுக்கவில்லை. அவர் வண்டியில் பிரேக்குக்கு என்று காற்றுத் தொட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து வந்து ஸ்டெப்னிக்குக் காற்று ஏற்றினார். அளவு பார்க்க மீட்டர் எதுவும் இல்லை. இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி, காதைச் சாய்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, மறுபடி தட்டி, "போதும்" என்றார். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்ப்பது போல இருந்தது. நட்டுகளை வரிசையாக முறுக்க விடவில்லை. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே இருப்பதை முறுக்க வேண்டும். வண்டியை இறக்கியபின் கடைசியாக ஒரு சுற்று.

"நாப்பதுக்கு மேல போகாத. நேரா பஞ்சர் கடைக்குப் போ. கோயிலுக்கு அப்புறம் போ."

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. புளியோதரை கொடுத்தோம், இரண்டு தட்டு சாப்பிட்டார். போகும்போது சித்தியிடம் அந்தக் கறுப்புக் குடையைக் காட்டி, "மழைக்கு வண்டியில ஒண்ணு இல்லம்மா" என்றார். காலையிலிருந்து அந்தக் கடையில் நடந்த ஒரே வியாபாரம் அதுதான். அதுவும் இலவசம்.

பஞ்சர் கடையில் டயரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு போல்ட்டை உருவினார்கள். எந்த லாரி அன்று ஒரு போல்ட் குறைவாக ஓடியதோ. வடிவுடையம்மனை நடை சாத்துவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டோம். கொடியிடையம்மன் கோயிலில் அம்மா வேண்டிக்கொண்டதில் பாதி டயரைப் பற்றித்தான்.

அன்று ராத்திரி அவமானம் தாங்காமல் ஸ்டெப்னி பற்றித் தேடிப் படித்தேன். அந்தக் காலத்துக் கார்களில் உதிரிச் சக்கரமே கிடையாதாம். 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த இரண்டு சகோதரர்கள் அதைச் செய்து விற்றிருக்கிறார்கள். தெருப் பெயர் சக்கரத்துக்கு வந்து, நம் ஊரில் அப்படியே தங்கிவிட்டது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேறொரு அர்த்தமும் உண்டு. மனைவியும் இதைப் படிப்பார் என்பதால் அதற்குள் போகவில்லை. மச்சான் வாங்கிய புதுக் காரில் ஸ்டெப்னியே இல்லை. டயர் காற்றைக் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் உதிரிச் சக்கரம் வேண்டாம் என்று 2020ல் விதியை மாற்றிவிட்டார்கள். "காலத்துக்கேத்த மாதிரி மாறுங்க மாமா" என்றான். அந்தக் கிட்டைத் திறந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பேச்சை மாற்றினான்.

புது டயர் ஒன்று வாங்கி ஸ்டெப்னியில் போட்டேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா மறக்காமல் ஐந்து எலுமிச்சம்பழம் எடுத்து வந்தார். நாலை வழக்கம்போல் சக்கரத்துக்கடியில் வைத்து நசுக்கினோம். ஐந்தாவதை என்ன செய்வது என்று தெரியவில்லை. குங்குமம் தடவி டிக்கிக்குள், ஸ்டெப்னியின் நடுப் பள்ளத்தில் வைத்தார் அம்மா. மூடினோம். பொரி சாப்பிட்டோம். மறந்துவிட்டோம்.

மார்கழியில் காருக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது. திரும்பும்போதெல்லாம் டொக். பிரேக் போட்டால் டொக் டொக். நேராகப் போனால் இல்லை. தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். லிங்க் ராடு என்றார் எதிர்வீட்டுக்காரர். புஷ் போயிருக்கும் என்றார் இஸ்திரிக்காரர். லோயர் ஆர்ம் மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று மனைவியிடம் சொன்னபோது, அவர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். கடைசியில் வியாசர்பாடி மெக்கானிக்கிடம் விட்டேன். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். தூக்கிவைத்து அடியில் பார்த்தார். எல்லா மூட்டையும் ஆட்டிப் பார்த்தார். மத்தியானம் போன் வந்தது.

"சார், சஸ்பென்ஷன் நல்லா கீது. எலுமிச்சம்பழம்தான் காஞ்சு கல்லாயிடுச்சு. அத மட்டும் மாத்தினா போதும்."