ஆடி மாதத்தில் அளந்த புகை

பட்டறையில் வெல்டிங் புகையை அளந்த ரிப்போர்ட்டைக் கொடுக்கப் போன அன்று வெல்டர் அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, எனக்குக் கேன்சர் வருமா வராதா, அதைச் சொல்லு போதும்." லிமிட்டுக்குள்ளதாண்ணே இருக்கு, பயப்படாதீங்க என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ராடை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. அவர் சுவாசித்த புகையின் எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்கு 3 மில்லிகிராமைத் தொடவில்லை, தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வெல்டிங் புகைக்கு 5 வரை விட்டிருந்தது. ஆனால் அந்த அட்டவணை 1987-ல் சேர்த்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது 2017-ல். இது எனக்கு அப்போதே தெரியும். அவர் கேட்டது கேன்சரைப் பற்றி, நான் பதில் சொன்னது லிமிட்டைப் பற்றி.

அதைவிட உறுத்துவது அளந்த நாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஷெட் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது, டிராக்டர் டிரெய்லருக்குச் சாதாரண இரும்பைத்தான் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றை உறிஞ்சும் பம்பை அவர் இடுப்பில் கட்டி, புகை படியும் ஃபில்டரைக் காலரில் மாட்டும்போதே அண்ணன் சொன்னார், "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், புகை நிக்குமா? மார்கழியில வா." மார்கழியில் சம்பா அறுப்புக்கு முன்னால் ரைஸ்மில் வேலை குவியும். பனிக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டு, நெல் ஊறப்போடும் ஸ்டெயின்லெஸ் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து பற்றவைப்பார். அந்தப் புகையில் குரோமியமும் நிக்கலும் உண்டு. மூக்குக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னத் தூளைத் துண்டா தடுக்கும்? அன்றைக்கு, அந்த ஆடிக்காற்றிலேயே, சாயங்காலம் அவர் துண்டை அவிழ்த்தபோது மூக்கு பட்ட இடத்தில் இரண்டு பழுப்பு வட்டம் இருந்தது.

இன்னாருக்கு வரும், இன்னாருக்கு வராது என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவும் உண்மைதான். இருபது வருஷ வேலை, கூடவே பீடி, இதில் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது, வேலையை விட முடியுமா அவரால் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அப்புறம் தோன்றும், கொஞ்சம் பயந்திருந்தால் புகை உறிஞ்சும் குழாய் வேண்டும் என்றாவது முதலாளியிடம் கேட்டிருப்பாரே என்று. மார்கழியில் மறுபடி அளக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதத்தான் செய்தேன். முதலாளி, "அதான் பாஸாயிடுச்சே" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

கார்த்திகை பாதி போய்விட்டது. பம்புக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். முதலாளிக்கு இன்னும் ஃபோன் செய்யவில்லை.