மேல்சரிவுக் கட்டட அனுமதியை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்ற அனுபவம்

எங்கள் வீடு குன்னூர் வட்டத்தில், ஒரு பேரூராட்சி எல்லைக்குள், தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே இறங்கும் சரிவில் இருக்கிறது. எங்களுக்கு மேலே உள்ள நிலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டத் தொடங்கிய கட்டடத்துக்குப் பேரூராட்சி அளித்த அனுமதியை எதிர்த்து நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தேன். மலைப்பகுதியில் இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் அந்த நடைமுறையை இங்கே எழுதுகிறேன்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாள்களைப் பார்த்தவர்களுக்கு, மேல் நிலத்தில் பொக்லைன் சரிவைச் செங்குத்தாக வெட்டும்போது வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார முடியாது. நேரில் போய்க் கேட்டேன். "எல்லா அனுமதியும் வாங்கித்தான் செய்கிறேன் தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அவர் சொன்னது பொய்யில்லை. கையில் முத்திரையிட்ட உத்தரவு இருந்தது. ஆகவே, அவரோடு சண்டையிடுவதில் பொருளில்லை என்றும், அந்த உத்தரவு எப்படிப் பிறந்தது என்பதைத்தான் அறிய வேண்டும் என்றும் முடிவு செய்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, விண்ணப்பம், வரைபடம், பிற துறைகளின் தடையின்மைச் சான்றுகள், தல ஆய்வுக் குறிப்பு, அலுவலகக் குறிப்புக் கோப்பு ஆகிய அனைத்தையும் கேட்டேன். 30 நாள் கெடுவுக்குள் உத்தரவும் வரைபடமும் மட்டுமே வந்தன. முதல் மேல்முறையீடு செய்து, கோப்பை நேரில் பார்வையிடும் உரிமை அதே சட்டத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகே முழுக் கோப்பும் என் முன் வைக்கப்பட்டது.

வழக்கின் உயிர் அந்தக் கோப்பில்தான் இருந்தது. புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் தடையின்மைச் சான்றில் குறிப்பிடப்பட்டிருந்த நில அளவை உட்பிரிவு எண், கட்டடம் எழும் நிலத்தினுடையது அன்று. கீழ்ச்சாலையை ஒட்டி அதே உரிமையாளருக்கு இருக்கும் சமமான மனையினுடையது. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடமான புலப்படத்தின் நகலை அருகில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் புரியக்கூடிய வேறுபாடு அது. வேளாண்மைப் பொறியியல் துறையோ, வெட்டிய முகத்துக்குத் தடுப்புச் சுவரும், மழைநீரை ஓடைக்குக் கொண்டுசெல்லும் வடிகாலும் கட்டிய பிறகே மேற்கட்டுமானம் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. பேரூராட்சியின் உத்தரவில் அந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இடம்பெறவில்லை. வரைபடத்தில் சரிவின் குறுக்குவெட்டுத் தோற்றமும் இல்லை. நீலகிரியில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு உண்டு. சாலைப் பக்கத்து முகப்பை மட்டும் வரைந்து காட்டினால், பள்ளத்துப் பக்கத்தில் அது எவ்வளவு உயர்ந்து நிற்கும் என்பதை எந்த அலுவலராலும் சொல்ல முடியாது.

இந்தக் குறைகளைத் தெளிவாக எழுதி, கட்டுமானத்தை நிறுத்தக் கோரும் மனுவைப் பேரூராட்சிக்கும், நகர் ஊரமைப்புத் துறைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டைகளைப் பத்திரப்படுத்தினேன். அதிகாரிகளிடம் முதலில் முறையிட்டீர்களா என்பது நீதிமன்றத்தில் எழும் முதல் கேள்வி என்பதால் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. பதில் வரவில்லை. சுவர் மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

வழக்கறிஞர் என் குறிப்புகளைப் படித்துவிட்டு ஏறக்குறைய பாதியை அடித்துவிட்டார். எங்கள் நடைபாதை பற்றிய தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரியது, அதைக் கலந்தால் மற்றவை வலுவிழக்கும் என்றார். மலை சரியுமா, சரியாதா என்பதை உயர் நீதிமன்றம் ஆராயாது. அனுமதி தருமுன் சட்டம் கேட்கச் சொன்னதை அதிகாரிகள் கேட்டார்களா என்பதைத்தான் ஆராயும் என்று அவர் விளக்கியது எனக்கு அப்போது ஏமாற்றமாக இருந்தாலும், வழக்கு முழுவதும் அந்த ஒற்றைக் கேள்வியில்தான் நின்றது. கொடைக்கானலில் விதிகளைத் தளர்த்தி ஓட்டல் ஒன்றுக்கு அளிக்கப்பட்ட விலக்கை, பழனிமலைப் பாதுகாப்பு அமைப்பினர் தொடுத்த வழக்கில் 1995-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்த தீர்ப்பையும் அவர் மனுவில் சேர்த்தார். மலைவாழிடங்களுக்கான கட்டட விதிகள் 1993-இல் தனியாக வகுக்கப்பட்டதும், அதற்கு முன்பே 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டதும் சமவெளியின் அளவுகோல் இங்கே பொருந்தாது என்பதால்தானே.

அனுமதி உத்தரவை ரத்து செய்யக் கோரும் ரிட் மனுவோடு இடைக்காலத் தடை மனுவும் தாக்கலாயிற்று. அனுமதி பெற்ற அண்ணனையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம். அவரைக் கேட்காமல் அவருக்கு எதிராக உத்தரவு பெற முடியாது, பெறவும் கூடாது. இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டதால் வேலை நின்றது. பதில் மனுக்களும் ஒத்திவைப்புகளும் நெடுங்காலம் தொடர்ந்தன. ஒவ்வொரு விசாரணைக்கும் மலையிறங்கிச் சென்னை செல்ல வேண்டியிருக்கவில்லை, வழக்கின் நிலையை இணையத்திலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது.

இறுதியில், உட்பிரிவு எண் மாறியிருப்பதைப் பேரூராட்சித் தரப்பு மறுக்க முடியாத நிலையில், அனுமதி ரத்து செய்யப்பட்டு, சரியான நிலத்துக்குப் புதிய சான்றுகள் பெற்று, இரு தரப்பையும் கேட்டு மீண்டும் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவானது. கட்டவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. உத்தரவின் சான்றிட்ட நகலைப் பேரூராட்சியில் நானே கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை பெற்றேன். மறுவிசாரணையில் மழைக்காலத்தில் எடுத்த படங்களையும், ஓடை செல்லும் வழியைக் காட்டும் புலப்படத்தையும் கொடுத்தேன்.

திருத்திய அனுமதியில் மேல்தளம் ஒன்று குறைக்கப்பட்டு, தடுப்புச் சுவரும் வடிகாலும் நிபந்தனைகளாகச் சேர்க்கப்பட்டன. சுவர் கட்டி முடிந்துவிட்டது. வடிகால் ஓடைவரை இன்னும் சென்று சேரவில்லை. அது முடியும் முன் பணி நிறைவுச் சான்று வழங்கக் கூடாது என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன், அந்த மனுவுக்கும் ஒப்புகை வாங்கியிருக்கிறேன்.