120-ஆ, 140-ஆ? குன்னூர்த் தோட்டத்திலும் கோத்தகிரி இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்தது

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் பட்ஜெட்டைக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போவீங்க என்றுதான் கேட்பேன். குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றுவீங்களா, கோத்தகிரிக்குக் கீழே கல்லும் சரளையுமாகக் கிடக்கிற இறக்கத்துக்குப் போவீங்களா, இல்லை எமரால்டு பக்கத்துச் சேற்றுக்கா? இதற்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போனால் அன்றைக்கு அங்கே எது நிற்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அப்புறம் வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இதே கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் போன செப்டம்பரில் வந்தது. ஆறு வருடமாக ஓட்டிய ஹார்ட்டெயிலை (பின்பக்கம் அதிர்வு தாங்கும் அமைப்பு இல்லாத மலைச் சைக்கிள்) கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின் சக்கரம் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன், நகம் மாட்டியது. விரிசல். அன்றோடு அந்த வண்டியைத் தடத்துக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். கோவையில் தெரிந்தவர் ஒருவர் டாப் ஃப்யூல் என்கிற தன்னுடைய ட்ரெக் கம்பெனிச் சைக்கிளை விற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டதும், "எடுத்துட்டுப் போய் ரெண்டு மூணு மாசம் ஓட்டிப் பாரு தம்பி, பிடிச்சா காசு குடு" என்றார். அதே சமயம் கோத்தகிரியில் இருக்கும் அண்ணன் (கூடப் பிறந்தவர் இல்லை, எனக்கு இந்தத் தடங்களை எல்லாம் காட்டிக்கொடுத்தவர்) மகள் பிரசவத்துக்காகச் சென்னைக்குக் கிளம்பினார். தன்னுடைய ஃப்யூல் இஎக்ஸை (அதுவும் ட்ரெக்தான்) என்னிடம் விட்டுவிட்டுப் போனார். "சும்மா நிக்க வைக்காத, ஓட்டிட்டே இரு" என்று ஒரு வார்த்தை. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே உயரம், அதனால் இரண்டு வண்டியும் எனக்குச் சரியான அளவு. இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது என்று தோன்றியது, அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன்.

இரண்டையும் வாசலில் பக்கத்தில் பக்கத்தில் சாய்த்து வைத்தால் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. ஒரே கம்பெனி, பெயரிலும் பாதி ஒன்று, இரண்டும் அலுமினிய ஃபிரேம், 29 அங்குலச் சக்கரம். பின்பக்க அமைப்பும் ஒன்றேதான்: பின் அச்சைச் சுற்றியே ஒரு மூட்டு இருக்கும், ட்ரெக் அதை ஏபிபி என்கிறது, அதனால் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் பின்பக்கம் விறைத்துப் போகாமல் கல்லுக்குக் கல் ஏறி இறங்கிக்கொண்டே வரும். அளவுகளுக்கு வந்தால், மூன்றாம் தலைமுறை டாப் ஃப்யூல் முன்னும் பின்னும் 120 மில்லிமீட்டர் டிராவல் (கல்லில் ஏறி இறங்கும்போது சக்கரம் மேலும் கீழும் அசைகிற தூரம்), ஹெட் ஆங்கிள் (முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கின் சாய்வு, எண் குறைந்தால் முன் சக்கரம் இன்னும் முன்னால் நீளும்) 66 டிகிரி. 2022-இல் வந்த ஆறாம் தலைமுறை ஃப்யூல் இஎக்ஸ் பின்னால் 140, முன்னால் 150, ஹெட் ஆங்கிள் 64.5. ஃபோர்க் காலின் தடிமன் ஒன்றில் 34 மில்லிமீட்டர், இன்னொன்றில் 36. எடையில் ஃப்யூல் இஎக்ஸ் ஒரு கிலோவுக்கு மேல் அதிகம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஐந்தாம் தலைமுறை ஃப்யூல் இஎக்ஸ் பின்னால் 130, முன்னால் 140தான், அதன் ஹெட் ஆங்கிளும் இந்த டாப் ஃப்யூலைப் போலவே 66. ஆக, பழைய ஃப்யூல் இஎக்ஸைப் பற்றி யாரோ சொன்னதை நம்பி ஆறாம் தலைமுறையை வாங்கினால் வீட்டுக்கு வருவது வேறு வண்டி. செகண்ட் ஹேண்டில் பார்ப்பவர்கள் எந்த வருடத்து வண்டி என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இருபது மில்லிமீட்டர் என் கட்டைவிரல் அகலம். அதற்கா இவ்வளவு யோசனை என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நான் ஓட்டிப் பார்த்தவரை அந்தக் கட்டைவிரல் அகலத்தை விட அந்த ஒன்றரை டிகிரிதான் எங்கள் பக்கத்துத் தடங்களில் அதிகம் பேசியது.

வீட்டிலிருந்து புறப்பட்டால் இருபது நிமிடம் ஜீப் ரோடு ஏற்றம், அப்புறம் தோட்டத்துக்குள் ஒற்றையடித் தடம். மேனேஜரிடம் கேட்டு வாங்கிய அனுமதி, வேலை நடக்கிற இடத்தில் ஓட்டக் கூடாது என்பது நிபந்தனை. கொழுந்து எடுப்பவர்கள் நடந்து நடந்து உண்டான தடம் அது, ஆள் இடுப்பு அகலம்தான் இருக்கும், ஹேண்டில்பாரின் இரண்டு முனையும் செடியை உரசிக்கொண்டே வரும். இருபது முப்பது அடிக்கு ஒரு தரம் குறுக்கே கல் வைத்துக் கட்டிய மழைநீர்க் கால்வாய். கவாத்து அடித்த பாத்தி என்றால் சீவிவிட்ட குச்சிகள் தரையில் கிடக்கும், சாய்வாக வெட்டிய முனை டயரின் பக்கச் சுவரைக் குத்திக் கிழித்துவிடும். அந்தத் தடத்தில் ஒரு வளைவு இருக்கிறது, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி மேல் பாத்திக்குத் திரும்புகிற வளைவு, ஏற்றம், உள்பக்கம் வேர். ஃப்யூல் இஎக்ஸில் அங்கே போனால் முன் சக்கரம் எனக்கு ரொம்பத் தூரத்தில் இருப்பது போல இருக்கும். மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில் தானாக உள்பக்கம் சாயும், ஏற்றத்தில் உடம்பு எடை பின்னால் போய்விடுவதால் முன் சக்கரம் லேசாகி வேரைத் தொட்டதும் வழுக்கி வெளியே ஓடும். பத்து தடவை முயன்றால் மூன்று தடவை கால் ஊன்றாமல் போக முடிந்தது. டாப் ஃப்யூலில் எட்டு. அதே நான், அதே வேர், சில நாள் அதே காலைநேரம். மேல் பாத்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "அந்தச் சின்ன வண்டியிலயே வா தம்பி, இது ஒனக்கு அடங்க மாட்டேங்குது" என்றார். சைக்கிளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் தூரத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்த வித்தியாசம் அது. இதை விடச் சரியாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கோத்தகிரி பக்கம் இறங்கினால் கதை தலைகீழ்.

அங்கே நாங்கள் போவது ஒரு ஹட்டிக்கு (படுகர் கிராமம்) கீழே தொடங்குகிற பழைய பாதை. 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கம் வந்த காலத்தில் இந்த மலைக்குத் தார் ரோடு ஏது, எல்லாம் இப்படிப்பட்ட தடங்கள்தான். மீதி இருப்பவற்றில் நிறைய இன்று வனத்துறை எல்லைக்குள் இருக்கின்றன, அங்கே அனுமதி இல்லாமல் சைக்கிளோடு போகாதீர்கள், யானையும் காட்டெருமையும் நடக்கிற வழி அது. நாங்கள் போகிற பாதை ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவே கொஞ்ச தூரம் மட்டும். ஆனால் அந்தக் கொஞ்ச தூரத்தில் முழங்கால் உயரப் பாறைப் படிகள், அதற்கு இடையே உருளுகிற சரளை, நடுவே மழை அறுத்த பள்ளம். டாப் ஃப்யூலில் முதல் நாள் அதை இறங்கி முடித்துவிட்டு, பின்பக்க அதிர்வைத் தாங்குகிற காற்று அடைத்த ஷாக்கைக் குனிந்து பார்த்தேன். எவ்வளவு அமுங்கியது என்று காட்ட அதன் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது கடைசி வரை போய், சேறு ஒட்டிக்கொண்டு, விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. பாறைப் படியில் விழுந்த ஒவ்வொரு தடவையும் பாதத்தில் 'டக்' என்று ஒரு குத்து விழுந்ததன் காரணம் அதுதான். கை விரல்கள் பிரேக் பிடித்துப் பிடித்து மடங்கியபடியே நின்றுவிட்டன, தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த வாரம் ஃப்யூல் இஎக்ஸ். அதே படிகளில் முன் சக்கரம் முன்னால் நீண்டு நிற்பதால், தலைகுப்புறப் போய்விடுவோமோ என்ற அந்தப் பயமே எழவில்லை, நான் பிரேக்கைக் குறைவாகத் தொட்டேன், குறைவாகத் தொட்டதால் சக்கரம் கல்லில் சிக்காமல் உருண்டது. தோட்டத்து வளைவில் தொந்தரவு கொடுத்த அதே ஒன்றரை டிகிரி இங்கே காப்பாற்றுகிறது. அண்ணன் ஏன் அதை வாங்கினார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது, அவர் வீடு அந்தப் பாதைக்குப் பக்கத்தில்.

சரி, அப்படியென்றால் பெரியதையே வாங்கிவிட்டால் எல்லாத் தடத்துக்கும் ஆகுமே என்று நினைக்கலாம். ஐரோப்பாவில் பல இடங்களில் கேபிள் காரில் சைக்கிளை மேலே ஏற்றிவிடுகிறார்கள், அங்கே அந்தக் கணக்கு செல்லும். நம் மலையில் இறங்கிய ஒவ்வொரு மீட்டரையும் நாமே மிதித்து ஏற வேண்டும். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஒரு காலைநேரம் கிடைக்கிறது, அதில் ஒன்றேகால் மணி நேரம் ஏற்றம், கால் மணி நேரம் இறக்கம். ஃப்யூல் இஎக்ஸ் ஏறவே ஏறாது என்று சொல்லவில்லை, உட்கார்ந்து மெதுவாக மிதித்தால் நன்றாகவே ஏறும். ஆனால் இரண்டாவது சுற்றுக்குப் போகலாமா என்று வாசலில் நின்று யோசிக்கும்போது அந்த ஒரு கிலோ தெரியும்.

அந்த எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நவம்பரில் மழை விட்ட ஒரு வாரத்தில் இரண்டு வண்டியின் டயர்களையும் கழற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அண்ணன் வண்டியின் 2.5 அங்குல டயர் டாப் ஃப்யூலுக்கு, டாப் ஃப்யூலின் 2.4 அண்ணன் வண்டிக்கு. ட்யூப் இல்லாத டயர் என்பதால் உள்ளே இருக்கிற சீலன்ட்டை (ஓட்டையை அடைக்கிற திரவம்) கொட்டி, மறுபடி ஊற்றி, ரிம்மில் டயர் பிடிக்க வைத்து, ஒரு மாலை முழுக்க அதற்கே போனது. ஆனால் இந்த நாலு மாதத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான். டாப் ஃப்யூல் வேர் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டு போனது, ஏற்றத்தில் கொஞ்சம் சோம்பியது. ஃப்யூல் இஎக்ஸ் ஏற்றத்தில் துள்ளியது, ஈர இலை மேல் நழுவியது. இரண்டுக்கும் நடுவே நான் உணர்ந்த தூரத்தில் பாதி டயராலேயே வந்தது என்பேன். இரண்டு ஒத்த வண்டிகளை ஒப்பிடுகிறவர்கள் ஒரே டயரில் ஓட்டாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இன்னொன்று காற்று. கோவையில் வெயில் நேரத்தில் ஷாக்கில் 180 பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு வந்து, ஜனவரியில் ஊட்டி பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற காலையில் ஓட்டினால், குளிரில் காற்று சுருங்கிப் பத்து பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருக்கும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ திரும்பக் கிடைக்கும், ஷாக்குக்கு அது போதாது. டயரில் காற்றே இருபத்தைந்து பிஎஸ்ஐ அளவுதான் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், ஷாக்தான் இறங்கிப்போகும். எனக்கு இது தெரியாமல் அன்றைக்குப் பெடல் ஒரு கல்லில் பலமாக இடித்து வலது முழங்காலில் மூன்று வாரம் வலி. இப்போது பம்ப் பையிலேயே இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்தால் ஷாக் தண்டின் ஓட்டத்தில் 30 சதவீதம் அமுங்க வேண்டும், 50 மில்லிமீட்டர் ஓடும் தண்டு என்றால் 15. தடம் தொடங்குகிற இடத்தில், அங்கே இருக்கிற குளிரில் அளந்து சரிசெய்யுங்கள், வீட்டில் வேண்டாம்.

எமரால்டு பக்கம் இரண்டையும் தலா ஒரு முறைதான் கொண்டுபோனேன். கறுப்புச் சேறு, இரண்டும் ஒரே மாதிரி மாட்டியது. அங்கே டிராவலைப் பற்றிப் பேச எதுவும் இல்லை, சேற்றை உதறுகிற டயரும் மழைக்குத் தாங்குகிற மெட்டல் பிரேக் பேடும் போதும்.

பொங்கலுக்கு அண்ணன் பேரனோடு திரும்பி வந்தார். வண்டியைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டு, அவருடைய டயரையே திரும்ப மாட்டிக் கொண்டுபோய் விட்டேன். வர்க்கியும் டீயும் வந்தது. "இதையே வாங்கிருவேன்னு நெனச்சேன்டா" என்றார். இல்லண்ணே, டாப் ஃப்யூலுக்குக் காசு அனுப்பிட்டேன் என்றேன். வருடத்தில் நாற்பது ஞாயிறு நான் தோட்டத்துக்குள்தான் ஓட்டுகிறேன், சில்வர் ஓக் வளைவு என் வளைவு. கோத்தகிரி இறக்கத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வருகிறவன் அதற்காக மற்ற எல்லாக் காலையும் அந்த ஒரு கிலோவை ஏற்றத்தில் சுமக்க வேண்டுமா? முன்னால் மட்டும் 2.5 அங்குல டயர் போட்டுவிட்டேன். இந்த டாப் ஃப்யூல் 130 மில்லிமீட்டர் ஃபோர்க் வரை ஏற்கும், காசு சேர்ந்ததும் அதுவும் மாற்றுவேன். அப்போதும் அண்ணன் வீட்டுக்குக் கீழே இருக்கிற அந்தப் பாறைப் படிகளில் அவர் முன்னால் போவார், நான் மெதுவாகத்தான் வருவேன். ஏற்றத்தில் திரும்பும்போது அவருக்காக நான் நிற்பேன்.

டாப் ஃப்யூலைக் கொடுத்தவர் நேற்று போன் செய்து முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சரியாகிவிட்டது. வருகிற ஞாயிறு மேல் பாத்தி வரை போகிறேன், அங்கே இப்போது கவாத்து நடக்கிறது, அதனால் காலை ஆறரைக்குள் இறங்கிவிட வேண்டும்.