காதுள்ள தொப்பி

போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தொப்பியை இறக்கினேன். சாம்பல் நிற முயல் உரோமம். மதுரையில் அதற்கு வேலை இல்லைதான். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை உதறி, நிழலில் காற்றாட வைத்து, புது அந்துருண்டை போட்டுத்தான் திரும்ப வைப்பேன்.

ரஷ்யாவின் கசான் நகரில் மருத்துவம் படிக்கப் போனபோது அம்மா குரங்கு குல்லா வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் டிசம்பரில் ஒருநாள் மைனஸ் 27 டிகிரி. பஸ்ஸுக்காகக் கொஞ்ச நேரம்தான் நின்றேன். கம்பளிப் பின்னலின் கண்கள் வழியே காற்று நேராக உள்ளே வந்தது. விடுதிக்குத் திரும்பியபோது இடது காதின் விளிம்பு வெளுத்து, தொட்டால் மெழுகு மாதிரி இருந்தது. வலியே இல்லை. பயம் அதனால்தான் வந்தது. காதின் விளிம்பில் கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம்; குருத்தெலும்பும் மெல்லிய தோலும்தான். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும்போது சீக்கிரம் உறைந்துபோகிற இடம்.

வாசலில் சாவி வைத்திருக்கும் பாட்டி பார்த்துவிட்டார். "க்தே ஷாப்கா?" என்றார். தொப்பி எங்கே? குரங்கு குல்லா அவர் கணக்கில் தொப்பியே இல்லை. பனியை எடுத்துத் தேய்க்கிற பழக்கம் அங்கே பலருக்கு உண்டு. அவர் அப்படிச் செய்யவில்லை. உள்ளங்கையைக் காதின்மேல் பொத்தி, சூடு ஏறும்வரை எடுக்காமல் வைத்திருந்தார். மறுநாள், இறந்துபோன தன் கணவரின் உஷான்காவை, அதாவது காது மறைக்கும் இந்த உரோமத் தொப்பியைக் கொண்டுவந்து என் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே நாடாவை முடிந்துவிட்டார்.

ரஷ்ய மொழியில் உஷி என்றால் காதுகள். பெயர் அதிலிருந்து வந்தது. தொப்பியின் வம்சம் இன்னும் பழையது. புல்வெளியில் குதிரையேறித் திரிந்த கால்மிக், கசாக் மக்களிடம் இப்படிக் காதும் பிடரியும் மறைக்கும் உரோமத் தொப்பிகள் இருந்தன. ரஷ்யக் குடியானவர்கள் தங்களுடையதைத் திரெயூக் என்றார்கள். மூன்று காதுள்ளது என்று அர்த்தம்: பக்கத்துக்கு ஒன்று, பிடரிக்கு ஒன்று. அந்த மூன்றாவது காதின் அருமை, கழுத்துக்குள் காற்று புகுந்தவர்களுக்குத் தெரியும்.

1917 புரட்சிக்குப் பின் வந்த ரஷ்ய உள்நாட்டுப் போரில், சைபீரியாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்த தளபதி கொல்சாக்கின் வெள்ளைப் படை இதை அணிந்தது. அதனால் கொல்சகோவ்கா என்றே ஒரு பெயர் உண்டு. எதிர்ப்பக்கம் கம்யூனிஸ்டுகளின் செம்படையிடம் இருந்தது புத்யோனோவ்கா என்ற துணித் தொப்பி: கூம்பு முனை, முன்னால் பெரிய நட்சத்திரம், மடித்து இறக்கும் துணிக் காது. 1920 பிப்ரவரியில் கொல்சாக்கை இர்கூட்ஸ்க்கில் சுட்டுக் கொன்றார்கள். அவர் படை அணிந்த மாதிரித் தொப்பியைச் செம்படை எடுத்துக்கொள்ள இருபது வருடம் ஆயிற்று. 1939 நவம்பர் 30 அன்று ஃபின்லாந்துக்குள் நுழைந்த படையை மைனஸ் 40 வரை போன குளிர் பிடித்துக்கொண்டது. துணிக் காது தாங்கவில்லை. எதிரே நின்ற ஃபின்லாந்து வீரர்களிடம் உரோமத் தொப்பி இருந்தது. 1940-ல் உஷான்கா செம்படைச் சீருடைக்குள் வந்தது. சுவரொட்டிகளில் புத்யோனோவ்கா கம்பீரமாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையன்களின் காதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் அது எல்லார் தலைக்கும் போனது. சாதாரண வீரனுக்குச் செயற்கை உரோமம்; அதை 'மீன் உரோமம்' என்பார்கள். மேலிடத்து ஆட்களுக்குக் கலைமான் குட்டியின் தோல். பாட்டியின் கணவருக்கு முயல்.

இந்தத் தடவை பிரித்துப் பார்த்தால் பிடரிப் பக்கத் தையல் இரண்டு விரல் நீளத்துக்கு விட்டிருக்கிறது. நூல் வாங்கிவிட்டேன். தோல் தைக்கும் ஊசிக்குத் தெருமுனையில் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.