ஏழாம் மாதத்தில் செங்கீரை

பதினொன்றாம் வகுப்பில் கரிம வேதியியலைத் தொடங்கும் நாளில் ஆண்டுதோறும் ஜெர்மானிய வேதியியலாளர் வோலரைப் பற்றிச் சொல்வேன். உயிருள்ளவற்றுக்கே உரிய ஒரு விசை இல்லாமல் கரிமச் சேர்மங்கள் உருவாகா என்று நம்பிய காலத்தில், 1828-இல் அவர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைத் தயாரித்தார். உயிர்விசைக் கொள்கை அத்தோடு முடிந்தது என்று சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிடுவேன்.

என் மகள் 32-ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,450 கிராம். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் பால். செவிலியர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, அவளை நெஞ்சோடு அணைத்துத் துணியால் கட்டினார். இன்குபேட்டர்கள் போதாமல் திணறிய பொகோட்டா மருத்துவமனை ஒன்றில் 1978-இல் தொடங்கிய கங்காரு முறை இது. அந்தச் சிறு முதுகு என் கையடியில் ஏறி இறங்குவதையே மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பேன்.

முதலில் பால் உறிஞ்சினால் மூச்சை மறந்துவிடுவாள். பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் பழக்கினோம். 34 வாரத்தையொட்டி ஒரு மாலை, தாயிடம் உறிஞ்சினாள், விழுங்கினாள், மூச்சு விட்டாள், மறுபடி உறிஞ்சினாள். மூன்றையும் கோக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

அன்றிரவு ஜெர்மானிய உயிரியலாளர் டிரீஷ் நினைவுக்கு வந்தார். 1891-இல் கடல் முள்ளெலியின் இரு செல் கருவைக் குலுக்கிப் பிரித்தவர். ஒவ்வொரு பாதியும் அளவில் சிறிய, ஆனால் முழுமையான இளவுயிரியாக வளர்ந்தது. முழுமையை நோக்கிச் செலுத்தும் ஏதோ ஒன்று உயிரில் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் பின்னாளில் வந்தார். அந்த விளக்கம் தவறு. ஆனால் அவர் கண்ட காட்சி பொய்யில்லை; நானும் கண்டேன்.

ஒரு நண்பர், குழந்தையின் உயிர்ச்சக்தியே போதும், 45-ஆம் நாள் ஊசி வேண்டாம் என்றார். கோபம் வந்தது. அந்த உந்துதலை நேரில் பார்த்தவன் நான். வெப்பமும் பாலும் இல்லாவிட்டால் ஓரிரவில் அது அணைந்திருக்கும் என்பதையும் பார்த்தவன். வளர்ச்சியைக் கணக்கிடத்தான் முந்திப் பிறந்த வாரங்களைக் கழிக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. உரிய நாளில் போட்டோம்.

பிள்ளைத்தமிழில், குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்துக்கு உரியது. ஆறு மாதம் கடந்தும் இவள் தலை நிமிரவில்லையே என்று உறவினர்கள் கேட்டபோது, உட்காரவைத்துப் பழக்க நான் விடவில்லை. பாயில் குப்புறக் கிடத்திவிட்டு எதிரே படுத்துக்கொள்வேன். ஏழாம் மாதத்தில் இரு கைகளையும் ஊன்றி, முகம் தூக்கி, கீரைத்தண்டுபோல ஆடினாள். மாமியார் விரல்விட்டு எண்ணினார்: “இரண்டைக் கழித்தால் ஐந்துதானே மாப்பிள்ளை?”