ஈடு

6 அக்டோபர் 2023
வீட்டுக்கடனுக்கான வங்கியின் நிபந்தனைத் தாள்கள் வந்துவிட்டன. இனி 10 நாள் கையெழுத்துப் போட முடியாது. கடன் வாங்குகிறவர் யோசிக்கட்டும் என்று ஸ்பெயினின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கும் அவகாசம். யோசிப்பதுதான் என் வியாதியே.

7 அக்டோபர்
யூரிபோர், அதாவது இங்கே வீட்டுக்கடன் வட்டிக்கு அடிப்படையான ஐரோப்பிய வட்டி அளவு, 4 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது. சென்ற ஆண்டுத் தொடக்கத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. அப்போது எங்கே போயிருந்தோம் நாங்கள்?

9 அக்டோபர்
தூக்கம் இல்லை. இபோத்தேக்கா, இபோத்தேக்கா என்று அதே சொல் மண்டைக்குள். வீட்டு அடமானத்துக்கு ஸ்பானியச் சொல். கிரேக்கத்திலிருந்து வந்தது; அடியில் வைத்தது என்று பொருள். அடகு நகை கடைக்காரரின் பெட்டிக்குப் போய்விடும். இதில் பொருள் நம்மிடமே இருக்கும், பிடி மட்டும் கடன் கொடுத்தவரிடம். ஊரில் அண்ணனுடைய வண்டி ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஹைப்பாத்திகேஷன் இதன் ஆங்கில உறவு. கருதுகோளைச் சொல்லும் ஹைப்பாதிசிஸும் சொந்தம்தான். ஆங்கிலேயரோ வீட்டுக்கடனுக்குப் பழைய பிரெஞ்சின் மார்ட்கேஜை எடுத்துக்கொண்டார்கள். செத்த ஈடு! நல்லவேளை, இங்கே அந்தச் சொல் இல்லை.

10 அக்டோபர்
மருந்துக்கடையின் பழைய பலகையில் போத்திகா என்றிருக்கிறது. மூலம் கிரேக்கத்தின் அப்போதேகே, அதாவது கிடங்கு. ஒயின் வைக்கும் போதேகா, மருந்து விற்பவரைச் சொல்லும் ஆங்கிலத்தின் அப்பாத்திகரி, பிரெஞ்சு வழி வந்த பூட்டிக் எல்லாம் அந்த வகையறா. பங்காளிகள் எல்லோரும் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டார்கள். இபோத்தேக்கா ஒன்றுதான் கடனில் விழுந்தது.

12 அக்டோபர்
தேசிய விடுமுறை. வங்கி இல்லை. மத்ரித் வானத்தில் போர் விமானங்கள்.

13 அக்டோபர்
சிவில் சட்டம், பிரிவு 1911: இன்றுள்ள சொத்து, இனி வரும் சொத்து, அனைத்தையும் கொண்டு கடனாளி பொறுப்பு. வீடு போனாலும் மிச்சக் கடன் போகாது. 2008 நெருக்கடிக்குப் பின் வீட்டையும் இழந்து கடனையும் சுமந்தவர்கள் இந்த ஊரிலேயே எத்தனை பேர். மனைவியிடம் சொன்னேன். "தூங்கு" என்றாள்.

14 அக்டோபர்
கண்டுபிடித்துவிட்டேன்! வைத்தலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்று. இபோத்தேக்காவும் அதிலிருந்து, இங்கே வரித்துறையைச் சொல்லும் அசியெந்தா இலத்தீன் வழியாக அதிலிருந்து, ஆங்கிலேயர் வீட்டுப் பத்திரத்தைச் சொல்லும் டீடும் அதிலிருந்து. சமஸ்கிருதத்தில் 'நி' சேர்ந்து, கீழே வைத்தது, நிதி. நம் நிதியமைச்சரின் நிதி! கீழே வைத்தது அங்கே புதையல், இங்கே கடன். நள்ளிரவில் தனியாகச் சிரித்தேன்.

17 அக்டோபர்
நோட்டரி கேள்வித்தாள் கொடுத்தார். எல்லாம் புரிந்ததா என்றார். பிரிவு 1911 பற்றிக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ஆம்" என்றார்.

18 அக்டோபர்
கையெழுத்து இன்று இல்லை. விற்பவர் தன் பழைய கடனை அடைத்துவிட்டாராம். ஆனால் சொத்துப் பதிவேட்டிலிருந்து அந்த இபோத்தேக்காவை நீக்கவில்லை. பண்டைய ஏதென்ஸாக இருந்தால் நிலத்தில் நட்ட அடமானக் கல்லைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். தரகர் தொலைபேசியை எடுக்கவில்லை.